ஸ்பரிசமே பாஷையான கதை

ஹெலன் கெல்லரை அறியாதவர் இல்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே அதே இருளில் வழி கண்ட லாரா பிரிட்ஜ்மனை அறிந்தவர் சிலரே.

1829-ல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவள் லாரா. இரண்டு வயதில் வந்த கொடிய ஜுரம் கண்ணையும் காதையும் பறித்துக்கொண்டது. மோப்ப சக்தியும் அநேகமாகப் போயிற்று. மிஞ்சியது ஸ்பரிசம் ஒன்றே.

1837-ல் பாஸ்டனிலுள்ள பெர்க்கின்ஸ் பள்ளியின் தலைவர் டாக்டர் ஹோவ் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஜாடை கற்பிப்பது சுலபம். ஆனால் பொருளுக்கொரு ஜாடை என்று போனால் அதற்கு முடிவேது? எழுத்துதான் வேண்டும் என்று தீர்மானித்தார். கத்தி, கரண்டி, சாவி, புத்தகம் இவற்றின் மேல் புடைத்த எழுத்தில் பெயர்ச் சீட்டு ஒட்டினார். லாரா தடவிப் பழகினாள். சீட்டைத் தனியே கொடுத்தால் உரிய பொருளின் மேல் வைத்தாள். இது கிளிப்பிள்ளைப் பாடந்தான். அடுத்து எழுத்துக்களைப் பிரித்துக் கலைத்தார்; அவளே பெயரைக் கோத்தாள். வாரங்கள் ஓடின. ஒரு நாள் சிறுமியின் முகம் மலர்ந்தது. மனத்திலுள்ளதைப் பிறருக்குச் சொல்ல இதுவே வழி என்று புரிந்துவிட்டது! பிறகு உள்ளங்கையில் விரலால் எழுத்துக் காட்டும் முறையும் வந்தது.

1842-ல் லாராவைச் சந்தித்த டிக்கன்ஸ் எழுதியதைப் படித்தே ஹெலனின் தாய் நம்பிக்கை கொண்டார். பெர்க்கின்ஸில் லாராவுடன் விரல் பாஷையில் பேசிப் பழகிய ஆனி சலிவன் 1887-ல் ஹெலனின் ஆசிரியையாகச் சென்றார். அவர் கொண்டுபோன பொம்மைக்கு உடை தைத்தவர் லாரா, 1889-ல் காலமானார்.