ஆனைமலைத் தேக்கை மீட்டெடுத்த ஹியூகோ வுட்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப் ஸ்லிப் வந்துவிடும். யானை முகாமையும் காட்டையும் பார்க்க நீங்களும் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். அங்கே உலாந்தி பகுதியில் தேக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறை இருக்கிறது. அதில் உறங்குபவர் ஹியூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி. வரப்பில் தேக்கு வளர்க்கும் விவசாயி, சவுக்கு சாகுபடி செய்பவர், பந்தல் காய்கறிக்குக் கம்பம் தேடி அலைபவர் என எல்லாருக்குமே இவர் வாழ்க்கையில் கற்றுக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு. அதற்கு முன், இவர் வந்து சேர்ந்த காடு எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காடு காலியான கதை

டாப் ஸ்லிப் என்ற பெயரே மரம் வெட்டியதால் வந்த பெயர்தான். மலை உச்சியில் வெட்டிய தேக்குத் தடிகளை அங்கிருந்து சரிவில் உருட்டிச் சமவெளிக்கு இறக்கினார்கள். யானைகள் இழுத்து வந்த தடிகள் அடிவாரத்தில் மாட்டு வண்டி ஏறின.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தேக்குக்கு இருந்த பெரிய கிராக்கி கப்பல் கட்டுவதற்கு. பம்பாய் கப்பல்துறை மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கை நம்பியே இருந்தது. 1817-இல் அங்கே மலபார் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கியது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தண்ணீரில் கிடந்தும் 200 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

அடுத்து வந்தது ரயில். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகள் மைலுக்கு 1,700 முதல் 2,000 வரை தேவைப்பட்டன. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கட்டை சாதாரண மரமாக இருந்தால் சில ஆண்டுகளில் கறையானுக்கும் பூஞ்சணத்துக்கும் இரையாகிவிடும். இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் என்பவர் 1838-இலேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கிரியோசோட் என்ற தார் எண்ணெயை அழுத்தத்தில் செலுத்துவது அந்த முறை. அப்படி எண்ணெய் ஊட்டிய பைன் கட்டைகள் கப்பலில் இந்தியாவுக்கும் வந்தன. ஆனால் இங்கே மருந்தே இல்லாமல் தாங்கும் தேக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோடரி அதன்மேல் விழுந்தது.

தடுக்க நினைத்தவர்களும் இருந்தார்கள். 1848 முதல் சில ஆண்டுகள் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக் காட்டைப் பொறுப்பேற்று, வெட்டுவதை ஒழுங்குபடுத்த முயன்றார். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக வந்த டாக்டர் கிளெகார்ன் ரயிலும் கப்பலும் காட்டைத் தின்று தீர்ப்பதை எச்சரித்தார். ஆனாலும் வெட்டிய வேகத்துக்கு நட்ட வேகம் ஈடுகொடுக்கவில்லை.

வுட் செய்த வேலை

1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவை தெற்கு வனக்கோட்டத்தின் பொறுப்பு வுட்டிடம் வந்தது. அவர் டாப் ஸ்லிப்பை அடுத்த மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தங்கிக் காட்டை நடந்தே அளந்தார். கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் வெட்டித் தீர்ப்பதை நிறுத்தி, எந்த ஆண்டு எந்தப் பகுதியில் வெட்டுவது, வெட்டிய இடத்தை எப்படி மீட்பது என்று திட்டம் வகுத்து நடத்தினார்.

அவர் கையாண்ட முதல் வழி உங்களுக்குப் புதிதல்ல. கரும்பில் மறுதாம்பு விடுகிறீர்கள் அல்லவா, அதே கணக்குதான். தேக்கை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். ஏற்கெனவே ஆழமாக ஓடிய வேர் இருப்பதால் அந்தத் தளிர் நாற்றைவிட வேகமாக வளரும். கட்டையைப் பெயர்க்காமல் விட்டு, தீயிலிருந்து காத்தால், காடு தானாகவே எழும்.

இரண்டாவது வழி விதை. வுட்டைப் பற்றி இன்றும் மலையில் சொல்லப்படும் கதை இது. சட்டைப் பை நிறையத் தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டு நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் ஒரு குத்து, குழியில் ஒரு விதை, மேலே கொஞ்சம் மண். இப்படியே நாள் முழுக்க நடப்பாராம்.

கதையைக் கேட்டு எளிது என்று நினைத்துவிடாதீர்கள். தேக்கு விதை முளைப்பது கடினம். நாம் விதை என்று சொல்வது உண்மையில் கெட்டியான ஓடு கொண்ட காய். உள்ளே நான்கு விதைகள் வரை இருக்கலாம். அந்த ஓடு தண்ணீரை லேசில் உள்ளே விடாது. 1840-களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானலி தேக்குத் தோட்டம் போட முயன்றபோது முளைப்பே பெரிய தலைவலியாக இருந்தது. சாத்து மேனன் என்பவரின் உழைப்பால்தான் அங்கே நாற்று எழுந்தது. இன்றைக்கும் நாற்றங்கால் போடுபவர்கள் காய்களை இரவில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதை ஒன்றிரண்டு வாரம் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, ஓடு இளகும். வுட் மண்ணில் போட்ட விதைக்கு இந்த வேலையை மலை மழையும் வெயிலுமே செய்தன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இத்தனை பெரிய காட்டை ஒரே ஒருவரின் கைத்தடி எழுப்பியிருக்க முடியாது. காடர், மலசர் போன்ற மலைவாழ் மக்களின் உழைப்பும் முகாம் யானைகளின் உழைப்பும் அதில் இருக்கின்றன. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வுட்டின் நோக்கமும் இன்று நாம் சொல்லும் காட்டுயிர்ப் பாதுகாப்பு அல்ல. அரசுக்குத் தேக்கு தீராமல் கிடைக்க வேண்டும் என்பதுதான். பல இனங்கள் கலந்து நின்ற இடத்தில் தேக்கு மட்டுமே நிறைந்தால் மற்ற உயிர்களுக்கு உணவு குறையும் என்பதை இன்று நாம் அறிவோம். அந்தக் குறையையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும். ஆனாலும், வெட்டியவன் நட்டாக வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர் அவர். அவர் நட்டவை பயன் தர அறுபது, எழுபது ஆண்டு ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தன் காலத்தில் பார்க்க முடியாது என்று தெரிந்தே நட்டார்.

தேக்கு ஏன் தாங்குகிறது?

இத்தனை பாடுபட்டு ஒரு மரத்தைக் காப்பாற்றும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? பதில், மரம் ஈரத்தை எப்படிக் குடிக்கிறது என்பதில் இருக்கிறது.

ஈரத் துணியைப் பிழிந்தால் ஓடும் தண்ணீர் போய்விடும். ஆனாலும் துணி ஈரமாகத்தான் இருக்கும். அது காய வெயில் வேண்டும். மரத்திலும் இப்படி இரண்டு வகை ஈரம் உண்டு. குழாய் போன்ற நுண்ணறைகளின் உள்ளே நிற்கும் தண்ணீர் முதலில் வெளியேறும். அறைச் சுவருக்குள் ஊறிய ஈரம் பிறகுதான் போகும். முற்றிலும் காய்ந்த 100 கிலோ மரத்தின் சுவர்கள் ஏறக்குறைய 30 கிலோ தண்ணீரைப் பிடித்துவைக்கும். அந்த அளவுக்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் மரம் சுருங்கும், வெடிக்கும், கோணும். பச்சை மரத்தில் செய்த கதவு கோடையில் இளைத்து மழைக்காலத்தில் இறுகுவதற்கு இதுவே காரணம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நிலையாக இருந்தால் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சணம் வளராது.

நட்ட கம்பம் எங்கே ஒடிகிறது என்று கவனித்திருப்பீர்கள். தரைமட்டத்தில்தான். மேலே காய்ந்திருக்கும், ஆழத்தில் காற்று குறைவு. ஈரமும் காற்றும் சேரும் இடம் தரைமட்டம். பூஞ்சணத்துக்கு இரண்டும் வேண்டும்.

வைரம் பாய்ந்த தேக்கில் நீர்க்குழாய்கள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். மெழுகு, எண்ணெய் போன்ற பொருள்களும், கறையானுக்கு ஆகாத டெக்டோகுயினோன் என்ற வேதிப்பொருளும் அதில் உண்டு. தண்ணீரும் எளிதில் ஏறாது, பூச்சியும் அண்டாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அது எந்தச் சாதாரண மரத்தையும் போல மக்கும், உளுக்கும். வயது போதாத தேக்கை அவசரத்துக்கு வெட்டி விற்கும்போது வியாபாரி வெள்ளையைக் கழித்து விலை பேசுவது இதனால்தான். வுட்டின் பொறுமைக்கு இருந்த பொருளும் இதுவே. வைரம் காலத்தால்தான் ஏறும்.

1933: ஒரு முடிவு, ஒரு தொடக்கம்

வுட் 1933 டிசம்பரில் குன்னூரில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர், தான் வளர்த்த மரங்களுக்கு இடையே புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்தவர் என்று சொல்வார்கள். கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வரி உண்டு. நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவர் சுற்றிலும் பார்த்தால் போதும் என்பது அதன் கருத்து.

அதே 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் என்ற இந்திய அறிஞர் வேறொரு வழியில் தேக்கின் சுமையைக் குறைத்தார். மயில்துத்தம், சோடியம் டைகுரோமேட், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து அவர் உருவாக்கிய மர மருந்து 'ஆஸ்கு' என்ற பெயரில் பரவியது. தண்ணீரில் கரையும் மருந்தை மரம் குடித்ததும், குரோமியம் அதை மரநாரோடு பிணைத்துவிடும். பிறகு மழை அதை எளிதில் கழுவ முடியாது. மலிவான மரமும் மண்ணில் பல ஆண்டு நிற்கலாம் என்றானது. உலகம் முழுக்க மின்கம்பங்களும் வேலிக் கம்பங்களும் இந்த மருந்தை ஏற்றன. ஆர்சனிக் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்தில் இதைக் கைவிட்டார்கள். ஆர்சனிக்குக்குப் பதில் போரிக் அமிலம் சேர்த்த கலவையும் நம் நாட்டில் உண்டு. அதில் போரிக் அமிலம், மயில்துத்தம், டைகுரோமேட் மூன்றும் 1.5 : 3 : 4 என்ற விகிதத்தில் இருக்கும்.

உங்கள் தோட்டத்துக்கு

இந்த அறிவு உங்களுக்கு இப்படிப் பயன்படும்.

மருந்தைக் குடிப்பது வெள்ளைப் பகுதிதான். வைரம் தண்ணீரைத் தடுப்பதுபோல் மருந்தையும் தடுத்துவிடும். எனவே கலைத்து எடுக்கும் இளந்தேக்கு, சவுக்கு, தைலமரக் கம்பங்களுக்கே மருந்தேற்றுவது அதிகப் பலன் தரும்.

அழுத்த முறைக்குக் கொடுக்கும் கம்பம் பட்டை உரித்து, நிழலில் அடுக்கி, ஈரம் 25 முதல் 30 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காய்ந்திருக்க வேண்டும். அறைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் மருந்துக்கு இடம் ஏது?

அழுத்த உருளை இல்லாத இடத்தில் இதற்கு நேர் எதிரான முறை கைகொடுக்கும். வெட்டிய அன்றே பச்சைக் கம்பத்தின் அடியை மருந்துக் கரைசலில் நிறுத்தினால், மேலே ஈரம் ஆவியாக ஆக, கீழிருந்து மருந்து ஏறும். சில நாள் கழித்துத் தலைகீழாக நிறுத்த வேண்டும். இரண்டு நாள் காய்ந்த கம்பத்தில் இது சரிவராது.

அறுப்பது, துளையிடுவது எல்லாவற்றையும் மருந்தேற்றும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு வெட்டினால் மருந்து ஏறாத உட்பகுதி வெளியே தெரியும். கறையானுக்கு அதுவே வாசல்.

போரிக் அமிலமும் வெண்காரமும் மட்டும் சேர்ந்த கரைசல் பச்சை மரத்துக்குள் நன்றாகப் பரவும். ஆனால் மழையில் கரைந்துவிடும். கூரைக்கு அடியில் இருக்கும் மரத்துக்கு அது போதும், மண்ணில் நடும் கம்பத்துக்கு உதவாது.

டைகுரோமேட் கடும் நஞ்சு. கிணற்றடியில், மாட்டுக் கொட்டகையில் வைத்து நீங்களாகக் கலக்க வேண்டாம். மருந்தேற்றிய துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்திலோ, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ கேட்டுத் தெரிந்துகொண்டு, பயிற்சி பெற்றவர்களிடம் செய்துகொள்ளுங்கள்.

தேக்கு விஷயத்தில் இன்னொன்று. வெட்டவும் கொண்டுசெல்லவும் என்ன அனுமதி வேண்டும் என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெட்டினால் அடிக்கட்டையைப் பெயர்க்காதீர்கள். கிளம்பும் தளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். புதிதாகக் குழி தோண்டி நாற்று நடும் செலவு மிச்சமாகும், பழைய வேர் புது மரத்தைத் தூக்கிவிடும்.