ஜோன் மத்யூஸின் இரும்புப் பாத்திரமும் பென்னின் பெருவிரலும்

அமெரிக்காவில் சோடாத் தண்ணீரின் தந்தை என்று அழைக்கப்படும் ஜோன் மத்யூஸ் 1808ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். சோடாத் தண்ணீரைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. அதைத் தயாரித்து அடக்கிவைக்கக்கூடிய உறுதியான உலோகப் பாத்திரங்களைச் செய்து, நியூயோர்க் நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் அந்தப் பானத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது அவருடைய பட்டறையில் வேலை செய்த இன்னொரு மனிதரையும் சொல்லாமல் விட முடியாது. அவர் பெயர் பென் ஒஸ்டின். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளி. மத்யூஸின் பாத்திரங்களில் அமுக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அளந்தது அவருடைய பெருவிரல்தான்.

கேகாலையில் இறப்பர் பால் வெட்டியவர்களின், இரத்தினபுரியில் கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது.

தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைக்கலாம் என்பதை 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி செய்து காட்டினார். 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். 1807இல் அமெரிக்காவின் யேல் கல்லூரிப் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். மத்யூஸ் பிறப்பதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. ஆனால் அன்றைக்குச் சோடாத் தண்ணீர் மருந்துக்கடைச் சரக்காகவே இருந்தது. சாதாரணத் தொழிலாளியும் ஒரு குவளை வாங்கிக் குடிக்கும் விலைக்கு அது இறங்க வேண்டுமானால் நிறையத் தயாரிக்க வேண்டும். நிறையத் தயாரிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்தைச் செய்வதுதான் சிக்கல்.

வாயு ஏற்றிய தண்ணீர் பாத்திரத்துக்கு இரண்டு வழிகளில் எதிரி. முதலாவது அமுக்கம். அடைத்து வைத்த வாயு வெளியே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். வெயிலில் சூடேறினால், கரைந்திருந்த வாயு பிரிந்து அமுக்கம் இன்னும் கூடும். இரண்டாவது அமிலம். காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரையும்போது மெல்லிய அமிலம் உண்டாகிறது. நாக்கில் சுள்ளென்று படும் அந்தப் புளிப்பு உலோகத்தையும் மெதுவாக அரிக்கும். கண்ணாடியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் பெரிய கண்ணாடிப் பாத்திரம் அமுக்கம் தாங்காமல் வெடிக்கும். செம்பு அமுக்கத்தைத் தாங்கும். ஆனால் பானத்தில் கரைந்து நஞ்சாகும்.

இந்தச் சிக்கலைக் கையாளும் தொழிலை மத்யூஸ் இலண்டனில் கற்றார். ஜோசப் பிராமா நிறுவிய பட்டறையில் அவர் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிராமா 1795இல் நீரியல் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றவர். தண்ணீரின் அமுக்கத்தைக் கொண்டு பெரும் பாரத்தைத் தூக்கும் அந்தப் பொறி ஒழுகாமல் இருப்பதற்குத் தோலால் ஆன வளையம் ஒன்று அதில் இருந்தது. உள்ளே அமுக்கம் ஏற ஏற அந்த வளையம் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அமுக்கத்தோடு பழகிய கைகளே அந்தப் பட்டறையின் சொத்து. காபனீரொட்சைட்டைத் தயாரிக்கும் கருவியைச் செய்ய மத்யூஸ் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1832இல் அவர் கப்பலேறி நியூயோர்க் போனார். கோல்ட் வீதியில் பட்டறை திறந்தார். சோடாத் தண்ணீரைத் தயாரித்துக் கடைகளுக்கு விற்றார். தயாரிக்கும் கருவிகளையும் விற்றார்.

அவருடைய கருவியின் அமைப்பு எளிமையானது. வார்ப்பிரும்பால் ஆன கனத்த பெட்டி ஒன்று. அதன் உட்புறம் முழுவதும் காரீயத் தகடு. அதற்குள் கல்சியம் காபனேற்றுப் பொடியையும் சல்பூரிக்கமிலத்தையும் சேர்த்தால் காபனீரொட்சைட்டு பொங்கி எழும். அந்த வாயுவைத் தண்ணீருக்குள் செலுத்திக் கழுவுவார்கள். பிறகு குளிர்ந்த நீர் உள்ள இன்னொரு தாங்கிக்குள் அதைச் செலுத்தி, அந்தத் தாங்கியைத் தொட்டில்போல ஆட்டுவார்கள். கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆட்டியபின் வாயு தண்ணீரில் கரைந்துவிடும்.

இரும்புக்குள் காரீயம் எதற்கு? சல்பூரிக்கமிலம் இரும்பைத் தின்றுவிடும். காரீயத்தில் பட்டால் அதன் மேல் வெண்மையான ஒரு படலம் உண்டாகும். அது அமிலத்தில் கரையாது. அந்தப் படலமே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசமாகிவிடும். வலிமைக்கு இரும்பு, அமிலத்துக்குக் காரீயம் என்று வேலை பிரிக்கப்பட்டது. இறப்பர்த் தோட்டத்தில் பால் உறைய அமிலம் ஊற்றிப் பழகியவர்களுக்கு, எந்தப் பாத்திரம் எதைத் தாங்கும் என்ற இந்த அறிவு புதியதல்ல.

ஆனால் குடிக்கும் தண்ணீர் நிற்கும் பாத்திரத்துக்குக் காரீயம் ஆகாது. சோடாத் தண்ணீர் காரீயத்தைக் கரைக்கும்; கரைந்த காரீயம் உடலில் தங்கி நஞ்சாகும். அங்கே தேவைப்பட்டது வெள்ளீயம். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் அதுதான். புளி கரைத்தாலும் பாத்திரத்தின் செம்பு குழம்பில் இறங்காமல் காத்தது அந்தப் பூச்சு. அதேபோலச் சோடாத் தொழிலிலும் செம்புத் தாங்கிகளின் உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள். குழாய்களையும் வெள்ளீயத்தால் செய்தார்கள். தமிழில் இரண்டையும் பொதுவாக ஈயம் என்றுதான் சொல்கிறோம். ஒன்று காக்கும், மற்றது கொல்லும். மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்த பூச்சுகளும், தேய்ந்துபோன பூச்சுகளும் அந்த நூற்றாண்டு முழுவதும் சோடாத் தொழிலின் தீராத தலையிடியாக இருந்தன.

மூலப்பொருளிலும் மத்யூஸ் கெட்டிக்காரர். கல்சியம் காபனேற்று சலவைக்கல்லில் நிறைய உண்டு. 1858இல் நியூயோர்க்கில் புனித பேட்ரிக் பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே செதுக்கிக் கழித்த சலவைக்கல் துண்டுகளை மத்யூஸ் வாங்கினார். அந்தக் கழிவுக்கல்லிலிருந்து மட்டும் 2 கோடியே 50 இலட்சம் கலன் சோடாத் தண்ணீர் தயாரானதாகச் சோடாத் தொழிலின் வரலாறு சொல்கிறது.

இனி அமுக்கத்துக்கு வருவோம். மத்யூஸின் பட்டறையில் முழு அமுக்கம் என்று கணக்கிட்டது சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல். அதாவது வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு. இதன் பொருளை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஓர் அடி விட்டமுள்ள மூடி ஒன்றை இந்த அமுக்கம் சுமார் 7 தொன்னுக்கும் மேற்பட்ட விசையோடு வெளியே தள்ளும். அதே அமுக்கம் கால் அங்குல விட்டமுள்ள சிறு துவாரத்தின் வழியே தள்ளும் விசை 3 கிலோ சொச்சம்தான். ஒரு விரலால் அதைப் பொத்திப் பிடிக்கலாம்.

பென் ஒஸ்டினின் வேலை அங்கேதான் வந்தது. புதிதாக வாயு ஏற்றும்போது அமுக்கக் குழாயின் வாயில் அவர் தன் பெருவிரலை வைத்து அழுத்திப் பிடிப்பார். விரலைத் தள்ளிக்கொண்டு வாயு பீறிட்டால், 150 இறாத்தல் ஏறிவிட்டது என்று கணக்கு. அவர் மத்யூஸிடம் மிக ஆரம்பத்திலேயே சேர்ந்தவர்களில் ஒருவர். பென்னின் பெருவிரல் என்பது பின்னாளில் அந்தத் தொழிலில் அமுக்கத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் வேறு வழி இல்லையா? கொதிகலன்களில் எடை வைத்த பாதுகாப்பு வால்வு 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. பிரெஷர் குக்கரின் மேல் நாம் வைக்கும் எடை அதன் வாரிசுதான். அமுக்கத்தை முள் நகர்த்திக் காட்டும் வட்டமான மானி 1849இல்தான் பிரான்சில் யூஜின் பூர்டோனின் கையில் உருவானது. அதற்கு முன்பு கைக்கெட்டிய கருவி ஒரு மனிதனின் விரல். பெருவிரலின் சொந்தக்காரர் நின்ற இடத்தையும் நினைக்க வேண்டும். பாத்திரம் வெடித்தால் அதற்கு மிக அருகில் நிற்பவர் அவர். சோடாத் தாங்கிகள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததும் ஊனமுற்றதும் அந்தத் தொழிலில் அடிக்கடி நடந்தன. மூலைகளும் விளிம்புகளும் இல்லாத உருளை வடிவம், கனமான இரும்பு, இறுக்கமான பொருத்து என்று வடிவமைப்பு மெல்ல மெல்லத் திருந்தியதற்குப் பின்னால் அந்த விபத்துகள் இருக்கின்றன.

1863 ஜூலையில் நியூயோர்க் வேறொரு விதமாக வெடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கட்டாய இராணுவ ஆட்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டொலர் கட்டக்கூடியவர்கள் தப்பிக்கலாம். ஏழைகள் போக வேண்டும். ஏழை வெள்ளையர்களின் கோபம் சட்டத்தைச் செய்தவர்களோடு நிற்கவில்லை. தங்களைவிடவும் கீழே இருந்த கறுப்பினத்தவர்கள் மீது அது திரும்பியது. ஜூலை 13இலிருந்து நான்கு நாட்கள் நகரம் எரிந்தது. கறுப்பின மக்கள் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். விளக்குக் கம்பங்களில் தொங்கவிடப்பட்டார்கள். 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்த கறுப்பின அநாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகள் பின்வாசலால் தப்பினார்கள். நான்கு நாட்களிலும் 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்த நாட்களில் மத்யூஸின் பட்டறையில் இருந்தவர்கள் பென் ஒஸ்டினைச் சரக்குப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, சரக்கு அனுப்புவதுபோல வெளியே அனுப்பினார்கள். கும்பலின் கண்ணில் படாமல் அவர் தப்பினார்.

ஒரு மனிதனின் விரலைக் கருவியாகப் பயன்படுத்திய அதே பட்டறைதான் அவர் உயிரையும் காப்பாற்றியது. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும். மத்யூஸை வள்ளலாகவும் காட்ட வேண்டியதில்லை, கொடியவராகவும் காட்ட வேண்டியதில்லை. அவர் தன் காலத்து முதலாளி. ஆபத்தான இடத்தில் யாரை நிறுத்துவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. கும்பல் வந்தபோது யாரைக் கைவிடக்கூடாது என்பதிலும் அந்தப் பட்டறைக்குக் குழப்பம் இருக்கவில்லை.

மத்யூஸ் 1870இல் காலமானார். அதற்குள் அவருடைய கருவிகள் நூற்றுக்கணக்கான கடைகளில் இருந்தன. அவர் மகன்கள் தொழிலை விரிவாக்கினார்கள். 1891இல் அந்த நிறுவனம் தன் போட்டியாளர்களோடு இணைந்து அமெரிக்கன் சோடா பவுண்டன் கம்பனி ஆனது. புரூக்ளினில் உள்ள கிரீன்வூட் இடுகாட்டில் மத்யூஸின் கல்லறை இன்றும் நிற்கிறது. கோபுரம்போல உயர்ந்த நினைவுச்சின்னம். அதற்குள் படுத்த நிலையில் அவருடைய சிலை. சிலையின் பார்வை படும் மேற்புறத்தில் அவர் வாழ்க்கைக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பென்னின் பெயரோ தொழிலாளர்களின் பேச்சு வழக்கில்தான் தங்கியது.

இன்று நாம் கையில் எடுக்கும் அலுமினியத் தகரத்தின் சுவர் சுமார் 0.1 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருப்பது அழகுக்காக அல்ல. தட்டையாக இருந்தால் அமுக்கம் அதை வெளியே தள்ளிவிடும். உட்புறம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று பானத்தின் அமிலத்தை உலோகத்திலிருந்து விலக்கி வைக்கிறது. வலிமைக்கு ஓர் உலோகம், அமிலத்துக்கு வேறோர் உறை என்ற மத்யூஸ் காலத்து ஏற்பாடு அதில் அப்படியே இருக்கிறது. மாறியது அளவும் எடையும். பெருவிரலின் இடத்தில் இப்போது மானியும் வால்வும் இருக்கின்றன.

சப்ரகமுவத் தோட்டங்களில் 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் என்ன நடந்தது என்பது இதை வாசிப்பவர்களில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயன்கள் எரிந்தன. உடுத்த துணியோடு காட்டுக்குள் ஓடியவர்கள், கோயிலிலும் பாடசாலையிலும் தஞ்சம் புகுந்தவர்கள், பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள், அங்கேயும் போர் துரத்த முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்த இரவுகளில் சிலரைத் தன் வீட்டு அறையிலோ களஞ்சியத்திலோ லொறியின் சாக்குகளுக்கு அடியிலோ ஒளித்து வைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களும் அநேகமாக எங்கும் எழுதப்படவில்லை.

இலங்கைத் தேயிலையின் வரலாற்றில் 1867ஆம் ஆண்டும் லூல்கந்துரவும் ஜேம்ஸ் டெய்லரும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. கொழுந்து கிள்ளித் தழும்பேறிய பெருவிரல்கள் செக்ரோலில் கைநாட்டாக மட்டும் பதிந்தன. தோட்டம் எரிந்த இடங்களில் அந்தக் கடதாசியும் போயிற்று. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழும் பதிவும் கேட்ட காலத்தில், அந்தக் கடதாசி இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நம் மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பென் ஒஸ்டினின் பெயர் தப்பியதற்குக் காரணம், உடன் வேலை செய்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான். தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தார், எந்த வேலை செய்தார், எந்த இரவில் வெளியேறினார், வழியில் கதவைத் திறந்தது யார் என்று கேட்டு எழுதி வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. 1977இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டவில்லை அல்லது இப்போதுதான் தாண்டுகிறது. அவர்களிடம் கேட்கலாம்.