வயிற்றின் ரகசியம் கண்ட பாவ்லோவ்

பாவ்லோவ் என்றதும் மணி ஓசையும், நாயின் வாயில் ஊறும் எச்சிலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆனால் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காக அல்ல. நாம் சாப்பிடும் சாப்பாடு வயிற்றுக்குள் எப்படி ஜீரணம் ஆகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காகவே, 1904-ம் ஆண்டில் அந்தப் பரிசு கொடுக்கப்பட்டது. ருஷிய நாட்டுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அது.

பரிசு வாங்குவதற்கு 2 வருடத்துக்கு முன்பு, அவருடைய கொள்கையின் அடிவேரையே அசைத்துவிட்டார்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். அப்போது பாவ்லோவ் என்ன செய்தார்? அதுதான் அவர் வாழ்க்கையில் சுவையான கட்டம்.

பாதிரியார் மகன்

இவான் பாவ்லோவ் 1849-ம் ஆண்டு ருஷியாவில் உள்ள ரியாசான் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஒரு பாதிரியார். பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. இவான்தான் மூத்த பிள்ளை.

சிறு பையனாக இருந்தபோது, உயரமான இடத்தில் இருந்து கல் தரையில் விழுந்தான். பலத்த அடி. பிழைத்ததே பெரிய காரியம். அதனால் 11 வயதில்தான் பள்ளிக்கூடம் போக முடிந்தது. அதுவரை, ஞானத் தந்தையான ஒரு மடத்துத் தலைவர் அவனைத் தம்மிடம் வைத்துக் கொண்டார். நன்றாகச் சாப்பாடு போட்டு, தேகப் பயிற்சி கொடுத்து, புத்தகம் படிக்கவும் பழக்கினார்.

பையனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. அதற்கான பள்ளியிலும் சேர்த்தார்கள். அங்கே விஞ்ஞானப் புத்தகங்கள் கையில் கிடைத்தன. மனம் மாறிவிட்டது. 1870-ம் ஆண்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பீட்டர்ஸ்பர்க் பல்கலைக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மாணவராக இருக்கும்போதே கணையத்தின் நரம்புகளைப் பற்றி ஆராய்ந்து தங்கப் பதக்கம் வாங்கினார். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பி. உணவைக் கரைக்கும் நீரை அது சிறுகுடலுக்குள் ஊற்றுகிறது. அந்தக் கணையம் பிற்காலத்தில் தம்மைப் பாடாய்ப் படுத்தப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது!

நாய்க்குப் போன பணம்

1881-ல் செராபிமா என்ற பெண்ணை மணந்தார். கல்யாணத்துக்கு முன்பே இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். குடும்பக் கவலை எல்லாம் மனைவிக்கு, ஆராய்ச்சி கணவனுக்கு. பதிலுக்கு அவர் மது குடிக்கக்கூடாது, சீட்டு ஆடக்கூடாது, நண்பர்களை வார இறுதியில் மட்டுமே சந்திக்க வேண்டும். பாவ்லோவ் கடைசி வரை அதைக் காப்பாற்றினார்.

கையில் காசு இல்லை. தனி வீடு வைக்க வழி இல்லாமல் சில சமயம் தம்பி வீட்டில் ஒண்டிக் கொண்டார்கள். முதல் குழந்தை பச்சிளம் வயதிலேயே இறந்து போயிற்று.

அவருடைய கஷ்டத்தைப் பார்த்த மாணவர்கள் பணம் வசூல் செய்தார்கள். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார் என்று, பாடம் நடத்துவதற்குச் சம்பளம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாவ்லோவ் பாடம் நடத்தினார். பணத்தையும் வாங்கிக் கொண்டார். அவ்வளவையும் ஆராய்ச்சிக்கான பிராணிகள் வாங்கச் செலவழித்துவிட்டார்! செராபிமாவின் பொறுமையைத்தான் மெச்சவேண்டும்.

40 வயதுக்கு மேல்தான் நல்ல காலம் பிறந்தது. 1890-ல் ராணுவ மருத்துவக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டு, பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக ஏற்பட்ட பரிசோதனை மருத்துவ நிலையத்தில் உடலியல் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. சுமார் 45 வருட காலம் அதை அவரே நடத்தினார்.

தின்றது வயிற்றுக்குப் போகவில்லை

அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பிராணியை அறுத்து, அது சாகும் முன்பு அவசரம் அவசரமாகப் பார்த்துக் குறித்துக் கொள்வார்கள். சாகிற பிராணிக்கு ஜீரணம் எப்படி ஒழுங்காக நடக்கும்? பாவ்லோவ் வேறு வழி கண்டார். மனிதர்களுக்குச் செய்வது போலவே சுத்தமான அறையில் ஆபரேஷன் செய்வார். புண் ஆறும் வரை நாயைப் பேணுவார். அது ஓடி ஆடித் திரியும் நிலைக்கு வந்த பிறகே பரிசோதனை.

1889-ல் செய்த ஒரு பரிசோதனை உலகப் புகழ் பெற்றது. நாயின் கழுத்தில் உணவுக் குழாயைத் திறந்து வெளியே விட்டார். நாய் இறைச்சியைத் தின்னும். விழுங்கியது கழுத்து வழியாக வெளியே வந்து தட்டில் விழும். ஒரு துண்டு கூட இரைப்பைக்குப் போகாது. அப்படி இருந்தும், 5 நிமிடத்தில் இரைப்பையில் ஜீரண நீர் சுரக்கத் தொடங்கியது!

மூளையில் இருந்து இரைப்பைக்கு வரும் நரம்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீர் நின்று போயிற்று. ஆகவே நாக்குக்கும் மூக்குக்கும் கிடைத்த செய்தியை மூளை வாங்கி, நரம்பு வழியாக இரைப்பைக்கு உத்தரவு போடுகிறது என்று தெரிந்தது. பசித்து, ருசித்துச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு விஞ்ஞானச் சாட்சி கிடைத்தது.

இப்படிக் கிடைத்த சுத்தமான ஜீரண நீரைப் புட்டியில் அடைத்து, ஜீரணக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்தாக விற்றார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கு அதில் நல்ல வருமானமும் வந்தது.

இன்னொரு ஆபரேஷன் இதைவிடக் கடினமானது. இரைப்பையின் ஒரு மூலையை, நரம்பு அறுபடாமல், தனிச் சிறு பையாகத் தைக்கவேண்டும். பெரிய பையில் உணவு ஜீரணமாகும்போது, சின்னப் பையில் ஊறும் நீரை உணவு கலக்காமல் பிடித்து அளக்கலாம். பல நாய்கள் இதில் இறந்தன. 1894-ல் ஒரு நாய் பிழைத்தது. அதன் பெயர் துருஷோக். ருஷிய மொழியில் சின்ன நண்பன் என்று அர்த்தம்.

துருஷோக்கிடம் இருந்து கிடைத்த கணக்கு ஆச்சரியமாக இருந்தது. ரொட்டிக்கு ஒரு வித நீர், இறைச்சிக்கு ஒரு வித நீர், பாலுக்கு வேறு வித நீர். ரொட்டிக்குச் சுரக்கும் நீரில் புரதத்தைக் கரைக்கும் சக்தி அதிகம். கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை நீர் மட்டுப்பட்டது. வயிறு எல்லா உணவையும் ஒரே மாதிரி அரைக்கும் வெறும் எந்திரம் அல்ல, வந்த உணவுக்குத் தக்கபடி வேலை செய்கிறது என்று பாவ்லோவ் சொன்னார்.

கணையத்தில் ஆபரேஷன் செய்த நாய்களால் வேறு தொல்லை. கணைய நீர் வெளியே வழிந்து வயிற்றுத் தோலைப் புண்ணாக்கியது. ஒரு நாய் மட்டும் இரவோடு இரவாகச் சுவரின் காரையைப் பெயர்த்து, அந்தக் குவியலின்மேல் படுத்துக் கொண்டது. காரை, நீரை உறிஞ்சிக் கொண்டது, புண்ணும் ஆறியது. அந்த நாய் காட்டிய வைத்தியத்தையே பாவ்லோவ் மற்ற நாய்களுக்கும் செய்தார்!

லண்டனில் வந்த இடி

இரைப்பையில் புளித்த உணவு சிறுகுடலுக்கு வந்ததும் கணைய நீர் பாய்கிறது. உணவு வந்த செய்தி கணையத்துக்கு எப்படித் தெரிகிறது? நரம்புதான் சொல்கிறது என்பது பாவ்லோவின் முடிவு. உடம்பில் எல்லாவற்றையும் ஆள்வது நரம்பே என்று அவர் நம்பினார். அவருடைய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஒருவர், நரம்பை வெட்டிய பிறகும் கணைய நீர் வருவதைக் கண்டார். அப்போதும், கண்ணுக்குத் தப்பிய சிறு நரம்பு எங்காவது இருக்கும் என்றே நினைத்தார்கள். பொக்கிஷத்தின் வாசல் வரை போய்க் கதவைத் தட்டாமல் திரும்பி விட்டார்கள்!

1902-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி. லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் ஸ்டார்லிங், பேலிஸ் என்ற இருவர் ஒரு நாயைப் பரிசோதித்தார்கள். ஸ்டார்லிங்குக்கு வயது 35. பேலிஸ் அவருடைய சகோதரியை மணந்தவர். மச்சானும் மச்சானும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி!

சிறுகுடலின் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்தார்கள். ரத்தக் குழாய் மட்டும் மிச்சம். அந்தத் துண்டில் அமிலத்தை விட்டார்கள். கணையம் நீரைச் சுரந்தது. நரம்பு இல்லாமல் செய்தி போய்விட்டது என்றால், ரத்தத்தின் வழியாகத்தானே போயிருக்கவேண்டும்?

ஸ்டார்லிங் உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்தார். மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தக் குழாயில் ஊசி மூலம் ஏற்றினார். கணைய நீர் கொட்டியது!

குடலில் பிறந்து ரத்தத்தில் மிதந்து போய்க் கணையத்தை எழுப்பும் அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட தூதுப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாக ஹார்மோன் என்ற பெயரை 1905-ல் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டி எழுப்புவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது அது. இன்று வீட்டுக்கு வீடு பேசப்படும் ஹார்மோன் என்ற சொல், ஜீரண ஆராய்ச்சியில் பிறந்த குழந்தை.

அரை மணி நேரம்

செய்தி பீட்டர்ஸ்பர்க்குக்கு எட்டியது. பாவ்லோவ் கோபக்காரர். ஆபரேஷன் மேஜை அருகே சிறு தவறு நடந்தாலும் சத்தம் போடுவார். ஆகவே சிஷ்யர்கள் பயந்து கொண்டிருந்தார்கள்.

லண்டனில் செய்தபடியே தம் முன்னால் செய்து காட்டும்படி ஒரு சிஷ்யருக்கு உத்தரவு போட்டார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மருந்து ரத்தத்தில் ஏறியது. கணைய நீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

பாவ்லோவ் ஒரு வார்த்தை பேசவில்லை. தம் அறைக்குள் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். லண்டன்காரர்கள் சொன்னது சரி என்று எல்லோர் முன்னிலும் ஒப்புக் கொண்டார். உண்மையைக் கண்டுபிடிக்கும் உரிமை நமக்கு மட்டும் எழுதி வைக்கப்படவில்லை என்ற கருத்தையும் சொன்னார்.

20 வருடத்துக்கு மேல் வளர்த்த நம்பிக்கை அது. அதைவிட அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. எத்தனையோ மேதைகளுக்கு ஆயுள் முழுவதும் போதாமல் போயிருக்கிறது.

அதன் பிறகு ஜீரண ஆராய்ச்சியில் இருந்து அவர் மெல்ல விலகினார். உணவைக் கண்ணால் காணும் முன்பே, சோறு கொண்டுவரும் ஆளின் காலடி ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவது ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக் கொண்டார். உலகம் இன்று அவரை நினைப்பது அந்த இரண்டாவது ஆராய்ச்சியால்தான்.

இருவரும் பாதி சரி

பிற்காலத்தில் பார்த்தபோது, பாவ்லோவ் சொன்னதும் முழுத் தவறு அல்ல என்று தெரிந்தது. நரம்பும் ஹார்மோனும் சேர்ந்தே வயிற்றை நடத்துகின்றன.

வாயில் உணவு வைத்ததும் நரம்பு முதல் மணியை அடிக்கிறது. பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றில் உள்ள புரதம் இரைப்பையில் சிதைந்ததும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் எழுகிறது; அது அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. அமிலம் சிறுகுடலைத் தொட்டதும் செக்ரெட்டின் புறப்படுகிறது. அதன் உத்தரவுப்படி கணையம் சோடா உப்புக் கலந்த நீரை அனுப்பி, புளிப்பை முறிக்கிறது. இல்லாவிட்டால் குடல் வெந்து போகும்.

கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்தால் இன்னொரு ஹார்மோன் வேலை செய்கிறது. 1928-ல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் பெயர் கோலிசிஸ்டோகைனின். அது பித்தப்பையைச் சுருக்கிப் பித்த நீரைப் பீய்ச்ச வைக்கிறது. இரைப்பையின் வாயையும் கொஞ்சம் மூடிப் பிடிக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வெகு நேரம் வயிறு கனமாக இருப்பது இதனால்தான்.

உணவில் உள்ள சத்துக்கள் ஹார்மோன்களை எழுப்புகின்றன. அந்த ஹார்மோன்களைச் செய்வதற்கும் சத்து வேண்டும். செக்ரெட்டின் என்பது 27 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அமினோ அமிலம் வருவது புரதத்தில் இருந்து. வெகு நாள் பட்டினி கிடந்த குழந்தைக்குக் கணைய நீரின் சக்தி குறைந்து, குடலின் உட்சவ்வும் மெலிந்து போகிறது. அப்போது நல்ல உணவைக் கொடுத்தாலும் உடனே ஜீரணம் ஆகாது. டாக்டர்கள் சிறிது சிறிதாக உணவைக் கூட்டுவது அதனால்தான்.

1999-ல், பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஒன்று இரைப்பையிலேயே சுரப்பதை ஜப்பானியர்கள் கண்டார்கள். குடலில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனைப் பின்பற்றிச் செய்த மருந்துகள் நீரிழிவுக்காரர்களுக்கு ஊசியாகப் போடப்படுகின்றன. எல்லாம் லண்டனில் அன்று அரைத்த குடல் சவ்வின் வாரிசுகள்.

பஞ்ச காலம்

1917-ல் ருஷியாவில் புரட்சி வந்தது. தொடர்ந்து பஞ்சம். உணவைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன பாவ்லோவ் வீட்டில் உணவு இல்லை! நிலையத்துத் தோட்டத்தில் கிழங்கும் காய்கறியும் தாமே பயிரிட்டார். நாய்கள் பட்டினியால் செத்தன.

அவர் வெளிநாடு போய்விடுவாரோ என்று அரசாங்கம் கவலைப்பட்டது. 1921 ஜனவரியில் லெனின் ஒரு தனி உத்தரவு போட்டு, அவருக்கும் மனைவிக்கும் விசேஷ ரேஷனும், ஆராய்ச்சிக்கு வேண்டிய வசதியும் அளித்தார். அதற்காகப் பாவ்லோவ் வாயை மூடிக் கொள்ளவில்லை. அரசாங்கத்தின் கொடுமைகளைக் கண்டித்துத் தலைவர்களுக்கே கடிதம் எழுதினார். மற்றவர்கள் எழுதியிருந்தால் சிறைதான்.

1935-ல் உலக உடலியல் விஞ்ஞானிகளின் மாநாடு லெனின்கிராடில் கூடியது. 85 வயது பாவ்லோவ் தலைமை வகித்தார். அதே ஆண்டு, அவர் வேலை செய்த நிலையத்தின் தோட்டத்தில் ஒரு நாய்ச் சிலை நிறுவப்பட்டது. அவருடைய ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்த நாய்களின் ஞாபகார்த்தம் அது.

1936-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி, நிமோனியா காய்ச்சலால் பாவ்லோவ் இறந்தார். அந்த நாய்ச் சிலை அதே தோட்டத்தில் நிற்கிறது.