பழவேற்காட்டுப் போதகர் ஆபிரகாம் ரோகேரியுஸ்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடலும் உப்பேரியும் கைகோக்கும் இடத்தில், பழவேற்காடு என்னும் ஊர் உளது. பொன்னேரியினின்று பேருந்தேறிச் செல்வார் பலரும் மீன் வாங்கவும் பறவைக் கூட்டம் காணவுமே செல்கின்றனர். கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளை அறிந்தார் தொகை பெரிது. அவற்றிற்கு அணித்தே கிடக்கும் இவ்வூரின் பழம்பெருமை அறிந்தார் தொகை சிறிது. யாமும் நண்பர் சிலரும் ஒருமுறை ஆங்குச் சென்று, வாயிற்றூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பெற்ற ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைக் கண்டு, முட்புதர் மூடிய கோட்டை மேட்டின்மீது நின்றோம். அம்மேட்டில் பத்தாண்டு வாழ்ந்த ஒரு போதகரின் வரலாறே ஈண்டு எழுதப்புகுந்தது. நம் நாட்டு மக்கள் அவரை மறந்தனர் எனினும், மேலைநாட்டில் இந்திய சமயங்களை ஆராய்வார் எவரும் அவர் பெயரைக் கூறாது நூல் தொடங்குவதில்லை.

ஆபிரகாம் ரோகேரியுஸ் ஒல்லாந்து நாட்டினர். அவரை அறிதற்கு முன்னர், அவர் கற்ற லெய்டன் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் மூண்டெழுந்த ஒரு பூசலை அறிதல் வேண்டும். மனிதன் இரட்சிப்படைவது எங்ஙனம்? கடவுளின் கிருபையாலா, மனிதனின் சுயாதீன சித்தத்தாலா, இரண்டும் கலந்தா? இவ்வினாவுக்கு அங்கு ஆசிரியராயிருந்த யாக்கோபு ஆர்மீனியுஸ் கூறிய விடை இதுவாகும்: கிருபையின்றி மனிதன் ஒரு நன்மையும் செய்யவல்லன் அல்லன், ஆயினும் அக்கிருபையை மறுத்துத் தள்ளவும் அவனுக்கு இயலும், இன்னார் விசுவாசிப்பர் என்று முன்னறிந்தே கடவுள் அவரைத் தெரிந்துகொள்கின்றார், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார். உடனாசிரியராகிய கொமாருஸ் இதனை வன்மையாய் மறுத்தார். கடவுள் தெரிந்துகொள்ளுதற்கு மனிதனிடத்துக் காரணம் தேடுதல் கிருபையைக் கூலியாக்குதல் ஆகும் என்பது அவர் கருத்து. விசுவாசமே கடவுள் அளிக்கும் ஈவாயிருக்க, அதனைத் தெரிந்துகொள்ளுதற்குக் காரணம் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று அவர் சாரார் வினவினர்.

ஆர்மீனியுஸ் 1609இல் இறந்தார், பூசல் இறக்கவில்லை. 1610இல் அவர் மாணவர் ஐந்து கூற்றுக்கள் அடங்கிய விண்ணப்பம் ஒன்றை அரசினர்க்குக் கொடுத்தனர். 1618 நவம்பரில் தோர்திரெக்து நகரிலே பேரவை கூடிற்று. ஒல்லாந்தர் மட்டுமல்லர், இங்கிலாந்து, ஜெனீவா, ஜெர்மனி முதலிய இடங்களினின்றும் வந்த அறிஞர் ஆண்டு இருந்தனர். 1619 மே மாதத்தில் முடிவுற்ற அப்பேரவை ஆர்மீனியுஸ் கட்சியைக் கண்டித்தது. குருமார் ஏறத்தாழ இருநூற்றுவர் பதவியிழந்தனர். சமயப் பூசலோடு அரசியற் பூசலும் பின்னிக் கிடந்தமையால், முதியவரும் நாட்டுத் தலைவருமாகிய ஓல்டென்பார்னெவெல்து என்பார் 1619 மே 13ஆம் நாள் வெட்டுண்டார். கிருபையைப் பற்றிய வழக்கு இரத்தத்தில் முடிந்தது என்பதை எழுதுங்கால் எமக்கு நாணம் உண்டாகின்றது. அக்கட்சியைச் சார்ந்த பேரறிஞர் குரோசியுஸ் சிறையிலிருந்துகொண்டு, கீழ்நாடுகளுக்குச் செல்லும் மாலுமிகள் பிற சமயத்தாரோடு உரையாடுதற்கு உதவியாகக் கிறிஸ்து மார்க்கத்தின் உண்மையை விளக்கும் நூல் ஒன்றைச் செய்யுளில் யாத்தார். அவர் 1621இல் புத்தகப் பெட்டியொன்றிற் புகுந்து சிறைதப்பிய கதை யாவரும் அறிந்ததே.

இப்பேரவையின் தீர்மானங்களை வரைந்தவருள் ஒருவர் அந்தோனியுஸ் வலேயுஸ். ஓல்டென்பார்னெவெல்தின் கடைசி இரவிலே அவரைத் தேற்றுமாறு அனுப்பப்பெற்றவரும் இவரே. கிழக்கிந்தியக் கும்பெனியார் தம் கோட்டைகளுக்குப் போதகரைப் பயிற்றுவிக்க வேண்டி, 1622இல் லெய்டனில் ஒரு சிறு பாடசாலை நிறுவி, அதனை வலேயுஸின் பொறுப்பில் விட்டனர். பத்தாண்டளவே நிலைத்த அப்பாடசாலை அவர் இல்லத்திலேயே நடைபெற்றது. அங்குப் பயின்றவர் பன்னிருவர். அவருள் ஒருவர் நம் ரோகேரியுஸ். எனவே, தெரிந்துகொள்ளுதல், தடுக்கலாகாக் கிருபை, இறுதிவரை நிலைபெறுதல் ஆகிய கொள்கைகளை அவற்றை எழுதிய கையினின்றே கற்று நம் கரைக்கு வந்தவர் அவர் எனலாம்.

யார் தெரிந்துகொள்ளப்பட்டார் என்பது முன்னரே முடிந்துவிட்டதேல், கடல்கடந்து சென்று போதித்தல் எற்றுக்கு என்று சிலர் வினவுவர். எம் வகுப்பிலும் இவ்வினா எழுந்ததுண்டு. தோர்திரெக்துப் பேரவை இதற்கு விடையளித்தே சென்றது. நற்செய்தியானது வேறுபாடின்றி எல்லா நாட்டார்க்கும் எல்லா மக்கட்கும் அறிவிக்கப்படல் வேண்டும் என்று அது விதித்தது. விதைப்பவன் எந்நிலம் விளையும் என்று அறியான். ஆதலின் எங்கும் விதைத்தல் அவன் கடன்.

சூரத்தில் சிறிது காலம் இருந்தபின், 1632ஆம் ஆண்டளவில் ரோகேரியுஸ் பழவேற்காடு வந்து சேர்ந்தார். 1613இல் கட்டப்பெற்ற கெல்திரியா என்னும் கோட்டை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமை இடமாயிருந்தது. விசயநகர அரசின் இறுதி மன்னருள் ஒருவராகிய மூன்றாம் வேங்கடர் அப்போதுதான் பட்டமெய்தினார். சென்னை என்னும் நகரம் அன்று இல்லை. ரோகேரியுஸ் பழவேற்காட்டில் இருந்தபொழுதே, 1639இல், ஆங்கிலேயர் அவ்விடத்தைப் பெற்றனர். பழவேற்காட்டின் சிறப்பெல்லாம் துணி வணிகத்தால் வந்தது. நூலும் சாயமும் ஏற்றிய அதே துறையில் மனிதரும் ஏற்றப்பட்டனர் என்பதை மறைத்தல் தகாது. பஞ்சத்தாலும் போராலும் நலிந்த நம் மக்கள் ஆயிரக்கணக்கானோர் அந்நூற்றாண்டில் இக்கரையினின்று அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சித்தம் சுயாதீனமானதா என்று ஐரோப்பாவில் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இக்கரையில் உடலே சுயாதீனமற்றுக் கப்பலேறிற்று. தோர்திரெக்துப் பேரவையிலும் அடிமைகளைப் பற்றிய வினாவொன்று கீழ்நாடுகளினின்று வந்தது. கிறிஸ்தவர் வீட்டிலுள்ள அடிமைகளின் பிள்ளைகட்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமோ என்பதே அது. போதனை பெறுமுன் கொடுத்தலாகாது என்று பேரவை முடிவு செய்தது. ஞானஸ்நானம் பெற்ற அடிமையை மீண்டும் விற்றல் கூடாது என்றும் அங்கு வந்திருந்தாருள் சிலர் கூறினர். அச்சிலர் சொல் துறைமுகம் வரை வந்து சேரவில்லை. கிருபையை அவ்வளவு நுணுக்கமாய் ஆராய்ந்தார் இதனை எங்ஙனம் பொறுத்தனர் என்பது எம் உள்ளத்தை இன்றும் உறுத்துகின்றது.

நிற்க. ரோகேரியுஸின் புகழுக்குக் காரணம் கோட்டைக்குள் அவர் செய்த பணியன்று. கோட்டைக்கு வெளியே அவர் தேடிய நட்பே ஆகும். பத்மநாபர் என்னும் அந்தணர் ஒருவர் பழவேற்காட்டில் ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தார். அவர் போர்த்துக்கேய மொழி அறிந்தவர்; ரோகேரியுஸும் அதனை அறிந்தவர். ஒல்லாந்துப் போதகரும் இந்திய அந்தணரும், தம் இருவர்க்கும் தாய்மொழியல்லாத ஒரு மூன்றாம் மொழியில், கடவுளையும் ஆன்மாவையும் பற்றிப் பேசலாயினர். கேட்டவற்றை யெல்லாம் போதகர் எழுதிவைத்தார். அந்தணர்தம் பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள சடங்குகள், வருணப் பிரிவுகள், வேதம், திருவிழாக்கள், உடன்கட்டை, மறுபிறப்பு ஆகிய இவையெல்லாம் அவ்வேட்டில் இடம்பெற்றன. வசைமொழி மிகக் குறைவு. பிற சமயத்தாரைப் பேய்வணங்கிகள் என்று ஒரே சொல்லால் தள்ளிவிடும் வழக்கம் மிக்கிருந்த காலம் அது. அதில், இவர்களும் ஒரு பரம்பொருளை அறிவர் என்று எழுதுதற்கு ஒருவகை நேர்மை வேண்டும்.

ஆண்டிருந்த சமயப் பிரிவுகளையும் அவர் வகுத்துரைத்தார். வைணவர், சைவர், சுமார்த்தர், சார்வாகர், பாஷண்டர், சாக்தர் என அறுவகையினரைக் கூறி, வைணவருள் மத்துவர் வழிவந்த தத்துவவாதியரையும் இராமாநுசர் வழியினரையும் வேறு பிரித்தார். இவ்விடத்து ஒரு வியப்பைக் கூறாதிருத்தல் இயலாது. லெய்டனில் மூண்ட பூசலுக்கு நேரான பூசல் தென்னாட்டிலும் நெடுங்காலம் நிகழ்ந்ததே. இராமாநுசர் வழியினருள் ஒரு சாரார் குரங்கின் குட்டியை உவமை காட்டினர்: குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுவதுபோல், ஆன்மாவும் இறைவனைப் பற்றிக்கொள்ளும் சிறு முயற்சியேனும் செய்தல் வேண்டும். மற்றொரு சாரார் பூனைக்குட்டியைக் காட்டினர்: தாயே கவ்விச் செல்லும், குட்டி செய்யக்கிடந்தது ஒன்றுமில்லை. முன்னது ஆர்மீனியுஸையும் பின்னது தோர்திரெக்தையும் நினைப்பிக்கின்றது. மத்துவரோ உயிர்களுள் வீடடைதற்குரியன, என்றும் பிறவியிற் சுழல்வன, இருளிற் சேர்வன என மூவகை கூறினர். அது கால்வீனியரின் முன்குறித்தலைப் போலத் தோன்றினும் ஒன்றன்று. மத்துவர் அவ்வேறுபாட்டை உயிரின் இயல்பில் வைத்தார். கால்வீனியர் கடவுளின் சித்தத்தில் வைத்தனர். கால்வீனியர் கொள்கையில் எல்லா மக்களும் ஒரே வீழ்ச்சியில் வீழ்ந்தவரே. எவனும் மற்றவனினும் இயல்பால் உயர்ந்தவன் அல்லன். நம் நாட்டிலே இக்கூற்று எத்துணைப் பெரிய செய்தி என்பதை விளக்கல் வேண்டா.

எம் கருத்தைக் கேட்பின், யாம் குரங்குக்குட்டியின் பக்கமே சாய்வோம். எம் முன்னோர் பல தலைமுறை நற்செய்தி கேளாமலே மாண்டனர். அவர் தெரிந்துகொள்ளப்படாதவர் என்று கூற எம் நா எழவில்லை. ஆயினும், ஒருவன் தன் விசுவாசத்தைத் தன் சாமர்த்தியம் என்று எண்ணிச் செருக்குறுங்கால், கொமாருஸின் வாதம் முள்ளாய்த் தைக்கின்றது. முழங்காற்படியிட்டு வேண்டும்பொழுது, யான் உம்மைத் தெரிந்துகொண்டேன் என்று எவரும் கடவுளிடம் பெருமை பேசுதல் இல்லையே!

பத்மநாபரின் உதவியால் ரோகேரியுஸ் செய்த மற்றொரு தொண்டு தமிழ் மாணவர்க்கும் மகிழ்ச்சி தருவது. வடமொழிப் புலவர் பர்த்துருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் அவ்வந்தணர் விளக்க, இவர் ஒல்லாந்து மொழியில் எழுதினார். சிருங்கார சதகம் மட்டும் விடுபட்டது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது இதுவே முதன்முறை. பத்துப் பத்துப் பாடலாகப் பகுக்கப்பெற்ற நீதி சதகத்தில், ஒன்பதாம் பத்து விதியைப் பற்றியது. பத்தாவது மனிதன் செய்யும் வினையைப் பற்றியது. லெய்டன் மாணவர் அவ்விரு பத்துக்களையும் எழுதுங்கால், தம் ஆசிரியரின் வகுப்பிலே மீண்டும் அமர்ந்திருப்பதாக உணர்ந்திருத்தல் கூடும் என்று எண்ணி யாம் நகைத்ததுண்டு.

1642இல் ரோகேரியுஸ் பத்தேவியாவுக்குச் சென்றார். ஐந்தாண்டு அங்குப் பணிசெய்து, 1647இல் தாய்நாடு திரும்பினார். நூல் அச்சேறுமுன்னர், 1649இல், கௌதா நகரிலே உயிர்நீத்தார். அவர்தம் மனைவியாரின் முயற்சியால் 1651இல் லெய்டனில் அந்நூல் வெளிவந்தது. மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயர்ப்பொருள். 1663இல் ஜெர்மன் மொழியிலும் 1670இல் பிரெஞ்சு மொழியிலும் அது பெயர்க்கப்பெற்றது. நூறாண்டு கழித்து, ஜெர்மானியப் புலவர் ஹெர்டர் அதனைப் படித்துப் பர்த்துருஹரியின் கருத்துக்களைத் தம் மொழிச் செய்யுளாக்கினார். 1915இல் வடமொழி வல்லுநர் காலந்து என்பார் ஒல்லாந்து மூலத்தை மீண்டும் பதிப்பித்து, பழவேற்காட்டில் காதாற் கேட்டு எழுதிய சொற்களை வடமொழி ஏடுகளோடு ஒப்புநோக்கினார்.

பத்மநாபர் கிறிஸ்தவரானார் என்று அந்நூல் கூறவில்லை. தமக்கு இவற்றை யெல்லாம் கூறியவர் இன்னார் என்று பெயர் சுட்டியே போதகர் எழுதினார். அதனால் அவ்வந்தணர் பெயரும் 1651 முதல் அவர் பெயரோடு உடன் வருகின்றது.