வெள்ளி யாருடையது?

தாராவியில் பிறந்த என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்போர் இன்றும் உண்டு. அப்போதெல்லாம் நார்மன் பிரிச்சார்டை எண்ணிக்கொள்வேன்.

கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர் அவர். செயின்ட் சேவியர் கல்லூரி மாணவர். 1894 முதல் ஏழாண்டுகள் தொடர்ந்து வங்காளத்தின் 100 கெஜ ஓட்டத்தில் அவரே முதல்வர். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கர் ட்யூக்ஸ்பரிக்கு அடுத்து வந்தார். 200 மீட்டர் தடையோட்டத்திலும் இரண்டாமிடமே. ஆக, இரு வெள்ளிகள்!

ஒலிம்பிக் குழு அவற்றை இந்தியாவின் கணக்கில் எழுதியது. உலகத் தடகள அமைப்போ பிரிட்டனுக்கு எழுதியது. பாரிஸுக்கு முன் அவர் இங்கிலாந்துப் போட்டியில் ஓடினாராம்! இருக்கட்டுமே, கால் பழகியது கல்கத்தா மண்ணில் அல்லவா? என் கட்சி அதுதான்.

பின்னர் இங்கிலாந்தில் குடியேறி, நார்மன் டிரெவர் என்ற பெயரில் நடிகரானார். ஹாலிவுட் ஊமைப் படங்களிலும் நடித்து, 1929இல் கலிபோர்னியாவில் மறைந்தார்.