வேருக்குக் காவல் யார்? விடை தேடிய டி.எஸ்.சதாசிவன்

எண்ணூர், மணலி என்றாலே உர ஆலைகள்தான் ஞாபகத்துக்கு வரும். அதே ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் வடக்கே, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால் நெல் வயல்கள். அந்தப் பயிருக்கு மூட்டை உரம் மட்டும் போதுமா? வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்களையும் பார்க்கணும் என்று 1950களிலேயே சென்னையில் ஆராய்ந்தவர், தாவர நோயியல் விஞ்ஞானி டி.எஸ்.சதாசிவன்.

யார் இவர்?

1913-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வேர் நோய்களை ஆராய்ந்துவிட்டுத் திரும்பினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநரானார்.

என்ன பிரச்சினை?

பருத்தி வாடல் நோய். மண்ணில் இருக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை வேர் வழியாக உள்ளே நுழைந்துவிடும். தண்ணீர் இருந்தும் செடி வாடிச் சாகும். இலையில் மருந்து அடித்தும் பிரயோஜனம் இல்லை, எதிரி மண்ணுக்குள்ளே இருக்கிறதே!

பூஞ்சையின் நச்சான ஃபியூசாரிக் அமிலம் நோயுற்ற செடிக்குள்ளேயே உருவாவதை அவரது குழு காட்டியது. துவரையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. வாடலைத் தாங்கும் ரகங்களின் வேரைச் சுற்றி, அந்தப் பூஞ்சையை அடக்கும் நுண்ணுயிர்கள் அதிகம்.

பிறகு என்ன ஆச்சு?

நல்ல பாக்டீரியா எதிரியை அடக்குவதோடு நிற்பதில்லை, செடியையே உஷார்படுத்துகிறது என்பது 1991-ல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. பாக்டீரியா வேரில் ஒட்டியதும் செடி அதை உணர்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் சார்ந்த சமிக்ஞைகள் வழியாக இலை வரை தகவல் போகிறது. செடி உடனே சண்டைக்குக் கிளம்பாது. ஆனால் நோய் வந்தால் சட்டென்று எதிர்க்கத் தயாராக இருக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய சூடோமோனாஸ் பொடி இப்படித்தான் வேலை செய்கிறது. கிலோ விதைக்கு 10 கிராம் கலந்தால் போதும்.

1960-ல் பட்நாகர் விருதும், 1974-ல் பத்மபூஷணும் பெற்ற சதாசிவன் 2001-ல் மறைந்தார். செடி வாடினால் இலையை மட்டும் பார்க்காதே, வேரைச் சுற்றியுள்ள மண்ணையும் பார் என்பதே அவரது ஆய்வுகள் விட்டுச்சென்ற பாடம்.