தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும்

ஒவ்வொரு சந்திப்பின்போதும் நம் பழைய மாணவர்களில் யாராவது ஒருவர் தனியே கூப்பிட்டுக் கேட்பதுண்டு. வெளிநாட்டில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, ஊர்ப்பக்கம் ஓர் அனாதை இல்லம் ஆரம்பிக்கலாமா, கட்டடத்துக்கு என்ன செலவாகும் என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் யார் எழுந்திருப்பார்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மலர்க்குழுவினர் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னபோது, இந்த ஒரு கேள்விக்காகவே ஆயுள் முழுவதையும் செலவழித்த ஓர் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. நம் நெல்லைச் சீமையில், டோனாவூரில் வாழ்ந்து அங்கேயே மண்ணான ஏமி கார்மைக்கேல் அவர்கள்.

1867 டிசம்பர் 16-ஆம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா மாவு மில் முதலாளி. சின்ன வயதில் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று ஜெபித்தாராம். மறுநாள் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்கள். பிற்காலத்தில் சேலை கட்டி நம் பெண்களோடு நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் முடிப்பார்கள். அப்பா 1885-இல் காலமானார். தந்தை போன குடும்பத்தின் மூத்த பெண் என்றால் என்ன என்பது நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெல்ஃபாஸ்ட் நகரத்து மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போட்டுக்கொண்டு வரும் பெண்கள். கூட்டம் பெருகி, 500 பேர் உட்கார இடம் தேவைப்பட்டது. 500 பவுன் இருந்தால் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்று போடலாம் என்று தெரிந்து, யாரிடமும் கைநீட்டாமல் காத்திருந்தார். ஒரு பெண்மணி பணம் கொடுத்தார், ஒரு மில் முதலாளி நிலம் கொடுத்தார், கொட்டகை எழுந்தது. கேட்காமல் காத்திருப்பது என்ற பழக்கம் அங்கே ஆரம்பித்தது. அதைக் கடைசிவரை விடவில்லை.

சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார். உடம்பு தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1893-இல் ஜப்பான் போனார், பதினைந்து மாதத்தில் நோய்ப்பட்டுத் திரும்பினார். 1895-இல் சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஜெனானா மிஷன் வழியாகப் பெங்களூர் வந்து சேர்ந்தார், வந்ததுமே டெங்குக் காய்ச்சல். இந்த உடம்புதான் ஊருக்கு ஒரு தடவைகூடத் திரும்பாமல் ஐம்பத்தைந்து வருடம் நம் வெயிலில் நின்றது! 1896 கடைசியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படிக்கத் திருநெல்வேலிப் பக்கம் வந்தார். பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

1901 மார்ச் மாதம் பெருங்குளத்திலிருந்து பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி இரவில் தனியே தப்பிப் பண்ணைவிளைக்கு வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்போகிற பிள்ளை. முன்பு ஒரு முறை தூத்துக்குடிக்கு ஓடித் தாயைத் தேடிப் போயிருந்தாள். தேடி வந்தவர்களிடம் தாய் திருப்பிக் கொடுத்துவிட்டாள், கைகளில் சூடு போட்டார்கள். இந்த முறை ஒரு பெண் அவளை ஏமி அம்மையாரிடம் கூட்டி வந்தார். அந்தப் பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்து சொன்ன விவரங்களைக் கேட்டபிறகுதான் இப்படியொரு வழக்கம் வீடுகளுக்குள்ளே நடப்பது அவருக்கு உறைத்தது. அதே ஆண்டில் வாக்கர் குடும்பத்தோடு டோனாவூருக்கு மாறினார்கள். களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் உள்ள ஊர். டோனா பிரபு என்ற ஜெர்மானியக் கொடையாளர் பெயரால் வந்த ஊர்ப்பெயர் அது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். தேவதாசி மரபில் இசையும் நாட்டியமும் இருந்ததை மறுக்க முடியாது. வெளிநாட்டு அம்மாவின் பார்வையில் அது முழுவதும் இருட்டாகவே தெரிந்தது. ஆனாலும் சிறு பிள்ளைகளை விலைக்கு வாங்கிப் பொட்டுக்கட்டுவது கொடுமை என்று அந்த மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும், அதே மரபில் பிறந்த தாயின் மகளான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும்தான் பிற்பாடு உரக்கச் சொன்னார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. ஆகவே இதை மதச் சண்டையாக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது.

1904 மார்ச்சில் பிறந்து பதின்மூன்று நாளே ஆன குழந்தை ஒன்று வந்தது. அந்த ஜூனுக்குள் பிள்ளைகள் பதினேழு. இப்போதுதான் சங்கடம் ஆரம்பித்தது. ஓடிவந்த ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறும் பாடமும் போதும். பதின்மூன்று நாள் சிசுவுக்கு? தாய்ப்பால் இல்லை. அடுத்தவர் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஊரில் பெண்கள் முன்வரவில்லை. பக்கத்தில் டாக்டர் இல்லை. சாதி தெரியாத குழந்தையின் மலஜலம் எடுப்பது யார் வேலை என்ற கேள்வி வேறு. கிறிஸ்தவப் பெண்களுமே உபதேசம் செய்ய வருவார்கள், இதற்கு வரமாட்டார்கள். ஆயா வேலை தாழ்ந்த வேலை என்ற எண்ணம். சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்கும் அந்த எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை.

1905 ஜனவரியில் இந்திரநீலா என்ற குழந்தை இறந்தது. ஏமி அம்மையார் கண்ணே மணியே என்று வளர்த்த பிள்ளை. அதன் பின்னும் பல சிசுக்கள் போயின. பொன்னம்மாளிடம் சிறு குழந்தைகளை ஒப்படைத்து நெய்யூருக்கு அனுப்பினார்கள். அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, மாட்டுவண்டியில் இரவும் பகலுமாகப் போக வேண்டிய பாதை. வீடும் வண்டியுமாக, கைக்குழந்தைகளோடு ஒரு விதவைப் பெண் வேற்று சமஸ்தானத்தில் போய் உட்கார்ந்து நர்சரி நடத்தியதை யோசித்துப் பாருங்கள். புட்டியைக் கொதிக்க வைப்பது, பாலை அளப்பது, எடை பார்ப்பது எல்லாம் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு, கூட இருந்த பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஒரு வயிற்றுக்கடுப்பு நோய் பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. நல்ல மனசு மட்டும் சிசுவைக் காப்பாற்றாது, பயிற்சி பெற்ற கை வேண்டும் என்பதை டோனாவூர் இப்படித்தான் தெரிந்துகொண்டது. 1907-இல் மேபல் வேட் என்ற பயிற்சி பெற்ற நர்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார்.

பிள்ளை வளர்ப்பதெல்லாம் மிஷனரி வேலையா என்று சக மிஷனரிகளே குறை சொன்னார்கள். ஆத்துமா உடம்போடு சேர்ந்துதானே வருகிறது, அதைத் தனியே எப்படிப் பிரித்தெடுப்பது என்பது அவர் பதிலின் சாரம்.

ஆள் சேர்ப்பதில் அவர் வைத்திருந்த ஒழுங்கு விசித்திரமானது. சம்பளம் கிடையாது, வெள்ளைக்காரருக்கும் கிடையாது, தமிழருக்கும் கிடையாது. எல்லோரும் நம் ஊர் உடையில்தான் இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரரானாலும் எந்த வேலையும் செய்ய வேண்டும். துணி துவைப்பதற்கும் ஜெபம் நடத்துவதற்கும் ஒரே மரியாதை. வர விரும்புகிறவர்களுக்கு இங்கே இருக்கும் கஷ்டத்தை முன்கூட்டியே பச்சையாக எழுதிவிடுவார். அப்படியும் வருகிறவர் வரட்டும் என்பார். வந்தவர்களைப் பிள்ளைகள் மேடம் என்றோ சார் என்றோ கூப்பிடவில்லை. தமிழ்ப் பெண் ஊழியர்கள் அக்காள், வெளிநாட்டுப் பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. அவர் அம்மா. அண்ணாச்சி என்று ஒரு கேம்பிரிட்ஜ் பட்டதாரியை நம் ஊர்ப் பிள்ளைகள் கூப்பிட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் சந்தோஷமும் வரும்.

இந்த உறவுமுறை வெறும் அலங்காரம் அல்ல. சம்பள ஆள் வேலை மாறிப் போய்விடுவார். பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தாய் சாகிறாள். இதைத் தவிர்க்கத்தான் அவர் ஆயுளுக்கும் நிற்கிற ஆட்களைத் தேடினார். 1916-இல் ஏழு தமிழ்ப் பெண்கள் திருமணத்தைத் தள்ளிவைத்து இந்த வேலைக்கே தங்களை ஒப்புக்கொடுக்கும் சகோதரிகள் சங்கம் ஒன்று அமைத்தார்கள். இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இளம் பெண்களிடம் இவ்வளவு பெரிய விலையைக் கேட்கலாமா? ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த நர்சரிகள் நடந்திருக்காது என்பதும் நிஜம்.

எல்லோரும் நிலைக்கவும் இல்லை. ஸ்டீபன் நீல் என்ற மகா படிப்பாளி, டாக்டர்களான பெற்றோருடன் 1924-இல் வந்தார். பெற்றோர் சில மாதங்களில் கிளம்பிவிட்டார்கள், 1925-இல் அவரும் வெளியேறினார். கருத்து வேற்றுமை, இரண்டு பக்கமும் காயம். பிற்காலத்தில் அவர் திருநெல்வேலிக்கே பிஷப்பாக வந்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு சங்கதி. அம்மையார் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அதே 1925-இல் தாய் மிஷனோடும் தொடர்பு அறுந்தது. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவாயிற்று.

பணம்? கடன் வாங்குவதில்லை, யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் கேட்காமலே வந்தது என்று சொல்லி முடித்துவிடுவது முழு உண்மை ஆகாது. 1903-இல் வெளியான அவருடைய முதல் பெரிய நூல் இங்குள்ள நிலவரத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லி இங்கிலாந்தை உலுக்கியது. மொத்தம் முப்பத்தைந்துக்கு மேற்பட்ட நூல்கள், ஓயாத கடிதங்கள். அவர் கேட்கவில்லை, எழுத்து பேசியது என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பெருகப் பெருக, 1913-இல் 130-க்கு மேல், வாரா வாரம் அரிசியும் பாலும் வாங்கியாக வேண்டுமே! 1917-இல் மலைமேல் நரைக்காட்டில் நிலம் வாங்கி, கோடையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனார்கள். 1918-இல் ஆண் குழந்தைகளுக்கும் இல்லம் ஆரம்பமாயிற்று. பின்னர் பரம சுக சாலை என்ற ஆஸ்பத்திரியும் எழுந்தது; குழந்தையை வைத்துக்கொண்டு நெய்யூருக்கு வண்டி பூட்டிய காலம் அத்தோடு முடிந்தது.

கோர்ட்டுக்கும் போக வேண்டியிருந்தது. பிள்ளையைக் கடத்தினார் என்ற வழக்கில் ஏழு வருடம் வரை சிறை கிடைக்கும் நிலை. 1914-இல் அது தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் பக்கபலமாக இருந்த வாக்கர் 1912 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். 1915 ஆகஸ்டில் பொன்னம்மாளும் புற்றுநோயில் போனார். கணக்கு, நர்சரி, பயிற்சி எல்லாவற்றையும் தாங்கிய தூண். அவரைப் பற்றி அம்மையார் தனி நூலே எழுதினார். இன்று டோனாவூர் என்றால் எல்லோருக்கும் ஏமி கார்மைக்கேல் பெயர் தெரிகிறது, பொன்னம்மாள் பெயர் தெரிவதில்லை.

1931 செப்டம்பர் 24 மாலை, களக்காட்டில் வைத்தியசாலைக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர் இருட்டில் புதிதாகத் தோண்டிய குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது வருடம் ஓர் அறைக்குள்தான். அங்கிருந்துதான் பல நூல்கள் வந்தன, ஊழியர் பலருக்குத் தினமும் சீட்டு எழுதி அனுப்பினார். தனக்குப்பின் யார் என்ற கவலை இருந்தது. பிள்ளைகளுக்கு அண்ணாச்சியாக இருந்த காட்ஃப்ரே வெப்-பெப்ளோ 1949-இல் முந்திக்கொண்டார். ஆனாலும் வேலை நின்றுபோகவில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகளே அக்காள்மார் ஆகியிருந்தார்கள். ராத்திரி எழுந்திருக்க ஆள் வீட்டிலேயே தயாராகியிருந்தது. இன்று அந்த ஐக்கியத்தை நடத்துகிறவர்கள் இந்தியர்கள்தான்.

1951 ஜனவரி 18-ஆம் தேதி, 83 வயதில் கண்மூடினார். கல்லறைக்கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் மீறவும் இல்லை, சும்மா விடவும் மனசு இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, அதில் அம்மை என்று மட்டும் பொறித்தார்கள்.

இல்லம் தொடங்க நினைக்கும் நண்பர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. அம்மையார் காலத்தைப் போல ஒரு குழந்தையை நாமே ஏற்றுக்கொள்ள இப்போது முடியாது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி இல்லத்தைப் பதிவு செய்ய வேண்டும், குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். ஆதரவற்ற குழந்தையைப் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யலாம். கட்டடத்துக்குப் பணம் தரத் தயாராக இருப்பவர்கள், ஏற்கெனவே பதிவான ஏதாவது ஓர் இல்லத்தில் இரவுப் பணிக்கு இருக்கும் இரண்டு பேருக்கு ஐந்து வருடச் சம்பளம் தரலாமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். மாணவத் தம்பி தங்கைகள் டோனாவூரைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.